பரணில் இருப்பதை இறக்கலாமா?

வாசகி கேள்வி: திருப்பூரில் இருக்கிறோம். எனக்கு இது எட்டாம் மாதம், முதல் குழந்தை. போன வருஷம் அமெரிக்காவிலிருந்து திரும்பி வந்த என் நாத்தனார், தன் மகனுக்கு வாங்கிய சாமான்களையெல்லாம் எங்களுக்கே கொடுத்துவிட்டார். அவனுக்கு இப்போது ஏழு வயது. கார் சீட், சாய்வாக இருக்கும் குட்டிப் படுக்கை, தாய்ப்பால் எடுக்கும் மோட்டார் பம்ப், பால் பாட்டில்கள், அவற்றைச் சுத்தம் செய்யும் ஸ்டெரிலைசர், தள்ளுவண்டி, இரண்டு மூட்டைத் துணி என்று பரண் நிறைந்திருக்கிறது. அம்மா வீட்டில் நான் படுத்திருந்த மரத்தொட்டில் இருக்கிறது. மாடி வீட்டுக்காரர் வாக்கர் தருகிறேன் என்கிறார். "பிறக்கும் முன்னே எதுவும் வாங்கக் கூடாது, முதல் துணி பழசாகத்தான் இருக்கணும்" என்கிறார் மாமியார். கணவர் பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசர். "ஊருக்கெல்லாம் புதுசு தைத்து அனுப்புகிறவன் பிள்ளைக்குப் பழசா?" என்று கோபப்படுகிறார். வீண் செலவும் எனக்குப் பிடிக்கவில்லை, பயமாகவும் இருக்கிறது. எதை எடுத்துக்கொள்வது, எதை வாங்குவது? அடுத்த குழந்தைக்கு என்று எடுத்துவைக்கலாமா?

குழந்தைகள் நல மருத்துவர் பதில்:

துணி விஷயத்தில் நான் உங்கள் மாமியார் கட்சி. கார் சீட் விஷயத்தில் உங்கள் கணவர் கட்சி. மாடி வீட்டு வாக்கர் விஷயத்தில் இரண்டு பேர் கட்சியும் இல்லை. அதைப் பிறகு சொல்கிறேன்.

பழசா புதுசா என்று கேட்பதை விட்டுவிட்டு, ஒவ்வொரு சாமானையும் கையில் எடுத்து, "இதில் பழுது இருந்தால் என் கண்ணுக்குத் தெரியுமா?" என்று கேளுங்கள். சட்டை கிழிந்திருந்தால் தெரியும், பட்டன் ஆடினால் தெரியும், கறை தெரியும், வாடை அடித்தால் மூக்குக்குத் தெரியும். தள்ளுவண்டியின் பிரேக் பிடிக்கிறதா என்பதை நிமிஷத்தில் பார்த்துவிடலாம். ஆனால் கார் சீட்டின் உறைக்கு அடியில் இருக்கும் நுரை எப்போதோ நசுங்கியிருந்தால் தெரியாது. பம்பின் குழாய் வழியாக மோட்டாருக்குள் போன பால் தெரியாது. தொட்டிலில் அடித்த பெயின்ட்டில் ஈயம் இருந்தால் அதுவும் தெரியாது. பழுது தெரிகிற சாமான் யார் வீட்டிலிருந்து வந்தாலும் தயங்காமல் வாங்கிக்கொள்ளுங்கள். தெரியாத சாமானுக்குத்தான் வயதும் வரலாறும் வேண்டும்.

துணியிலிருந்து தொடங்குகிறேன். நம் ஊரில் பிறக்கும் குழந்தைகள் பெரும்பாலும் இரண்டரையிலிருந்து மூன்று கிலோ வரை இருக்கும். ஐந்தாம் மாத வாக்கில் அந்த எடை இரண்டு மடங்காகும், ஒரு வயதில் மூன்று மடங்கு. அதாவது பிறந்தவுடன் போடுகிற ஜப்லா ஒன்றரை மாதம், மிஞ்சினால் இரண்டு மாதம். அதற்குள் எத்தனை தடவைதான் போட்டுவிட முடியும்? தவழத் தொடங்கும்வரை குழந்தை துணியைத் தேய்ப்பதும் இல்லை. படுத்த இடத்திலேயே கிடக்கிற ஆளுக்கு முழங்கால் எப்படிக் கிழியும்? அதனால் முதல் ஆறேழு மாத அளவுத் துணிகள் எந்த வீட்டிலிருந்து வந்தாலும் கிட்டத்தட்ட புதுசு போலத்தான் இருக்கும். தவழ ஆரம்பித்த பிறகு போடும் பேன்ட்டும், நடக்க ஆரம்பித்த பிறகு போடும் செருப்பும்தான் தேய்ந்து வரும். செருப்பு, ஷூ மட்டும் பழசு வேண்டாம். அது முன்பு போட்ட குழந்தையின் கால் வாகுக்கு வளைந்திருக்கும்.

பல தடவை துவைத்த பருத்தித் துணி பச்சிளம் தோலுக்கு நல்லது என்பதற்குக் காரணம் உண்டு. உங்கள் கணவருக்கு இது நன்றாகவே தெரிந்திருக்கும். கடைக்கு வரும் புதுத்துணியில் கஞ்சி இருக்கும், சாயத்தின் மிச்சம் இருக்கும், சுருக்கம் விழாமல் இருக்கப் போடும் ஃபார்மால்டிஹைடு ரெசின் இருக்கக்கூடும். ஜப்பானில் 24 மாதத்துக்கு உட்பட்ட குழந்தைகளின் துணியில் அது 16 பிபிஎம் (பத்து லட்சத்தில் 16 பங்கு) அளவைத் தாண்டக் கூடாது. துணியில் கெட்ட ரசாயனம் இல்லை என்று சோதித்துத் தரும் ஓகோ-டெக்ஸ் சான்றிதழில் குழந்தைகளுக்கென்று தனி வகுப்பே இருக்கிறது, அங்கும் கிட்டத்தட்ட அதே கெடுபிடிதான். ஏற்றுமதிக்கு இவ்வளவு பார்த்துத் தைக்கும் ஊரில் இருக்கிறீர்கள். காதர்பேட்டையில் எக்ஸ்போர்ட் மிச்சம் என்று விற்கும் குழந்தைத் துணியில் நல்லது நிறைய உண்டு. ஆனால் புதுசு எங்கே வாங்கினாலும் இரண்டு தடவை துவைத்து, நன்றாக அலசி, வெயிலில் காயவைத்த பிறகே குழந்தைக்கு. நாத்தனார் தந்த துணிக்கு அந்த வேலையெல்லாம் ஏழு வருஷத்துக்கு முன்பே முடிந்துவிட்டது.

ஆனால் அந்த இரண்டு மூட்டைகளைப் பற்றி நீங்கள் எழுதாத ஒன்றை நான் கேட்க வேண்டும். மூட்டையைப் பிரித்தால் பாச்சை உருண்டை வாடை அடிக்கிறதா?

நம் வீடுகளில் பழந்துணியில் எனக்கு உண்மையிலேயே பயம் தருவது இது ஒன்றுதான். ஆனால் சிரங்கு ஒட்டுமா, கிருமி இருக்குமா என்று கேட்கிறவர்களில் இதைக் கேட்பவர் அபூர்வம். அந்த வெள்ளை உருண்டை பெரும்பாலும் நாப்தலின். அது ஆவியாகித் துணியின் நூலுக்குள் இறங்கி உட்கார்ந்துகொள்ளும். ஜி-6-பி-டி என்ற ஒரு நொதி சில குழந்தைகளுக்குப் பிறவியிலேயே குறைவாக இருக்கும், ஆண் குழந்தைகளில் அதிகம். அப்படிப்பட்ட குழந்தை நாப்தலினை மூச்சில் இழுத்தாலோ தோல் வழியாக உடம்பில் சேர்த்துக்கொண்டாலோ அதன் சிவப்பணுக்கள் உடையும். உடைந்தால் மஞ்சள் காமாலை சரசரவென்று ஏறும். பிறந்த முதல் வாரத்தில் எல்லாக் குழந்தைக்கும் கொஞ்சம் மஞ்சள் இருப்பது சகஜம்தான். இது அப்படி இல்லை, மூளை வரை போகக்கூடிய மஞ்சள். 1963-இல் கிரேக்க மருத்துவர்கள் நாப்தலினால் ரத்த அணுக்கள் உடைந்த 21 பச்சிளம் குழந்தைகளைப் பற்றி எழுதினார்கள். அந்த நொதி சரியாக இருந்த குழந்தைகளும் அதில் இருந்தார்கள். நாப்தலினை வெளியேற்றும் அளவுக்குப் பிறந்த குழந்தையின் கல்லீரல் இன்னும் பழகியிருக்காது என்பதால், யாருக்கும் இது வரலாம்.

நம் வீட்டுப் பழக்கம் ஒன்று இதைக் கூட்டிவிடும். குழந்தைக்கு எண்ணெய் தடவி, குளிப்பாட்டி, மறுபடி லேசாக எண்ணெய் தடவித் துணி சுற்றுகிறோம். நாப்தலின் எண்ணெயில் கரையும். எண்ணெய் பூசிய தோலில் அது இன்னும் வேகமாக இறங்கும்.

அதனால் இந்த வாரமே மூட்டையை இறக்குங்கள். நீங்கள் பரண் ஏற வேண்டாம், கணவரை ஏறச் சொல்லுங்கள். மெல்லிய பருத்தித் துணிகளைச் சூடான தண்ணீரில் துவைத்து, மொட்டை மாடியில் பல நாள் நல்ல வெயிலிலும் காற்றிலும் போடுங்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை காயப்போட்டதோடு நிறுத்த வேண்டாம். துவைத்தால் மட்டும் அது முழுசாகப் போகாது, காற்றாடினால்தான் ஆவியாகிப் போகும். முகர்ந்து பார்க்கும்போது வாடை துளியும் இருக்கக் கூடாது. கம்பளி, ரஜாய், பஞ்சு வைத்த தடித்த துணி இவற்றில் வாடை இருந்தால் இந்தக் குழந்தைக்கு வேண்டவே வேண்டாம். பெரியவர்கள் வைத்துக்கொள்ளட்டும். அதே நேரத்தில் உங்கள் அலமாரியிலும் குழந்தை படுக்கப்போகும் அறையிலும் உருண்டை இருந்தால் எடுத்து வெளியே போடுங்கள். பிரசவத்துக்குப் பிறகு உங்களைப் பார்க்க வருகிறவர் பீரோவிலிருந்து எடுத்த பட்டுப்புடவையோடு குழந்தையைத் தூக்கிக் கொஞ்சுவார். அதைத் தடுப்பது மாமியாரின் வேலை, அவரிடம் இப்போதே காரணத்தைச் சொல்லிவையுங்கள். குழந்தை பிறந்ததும் ஜி-6-பி-டி பரிசோதனை செய்ய முடியுமா என்று உங்கள் மருத்துவமனையில் கேளுங்கள், குதிகாலில் எடுக்கும் சில துளி ரத்தம் போதும்.

துவைக்கும்போது கிருமிநாசினி திரவத்தில் ஊறவைக்க வேண்டாம். துணியை மணக்கவைக்கும் கண்டிஷனரும் வேண்டாம். சாதாரண சோப்பு, நிறையத் தண்ணீர், வெயில். கொடுத்த வீட்டில் யாருக்காவது சமீபத்தில் சிரங்கு இருந்ததா என்று கேட்பதில் தப்பில்லை. உங்கள் மூட்டை பரணில் மாதக்கணக்காகக் கிடந்தது, சிரங்குப் பூச்சி மனிதத் தோலை விட்டு அவ்வளவு நாள் உயிரோடு இருக்காது.

காய்ந்த துணியை மடிக்கும்போது ஒவ்வொன்றையும் உள்பக்கம் திருப்பிப் பாருங்கள். முக்கியமாகக் கையுறை, காலுறை. பிரிந்த நூலோ சிக்கிய தலைமுடியோ குழந்தையின் விரலைச் சுற்றி இறுகிவிடும், ரத்தம் ஓடாமல் விரல் நீலமாகிவிடும். காரணம் தெரியாமல் குழந்தை வீறிட்டு அழுகிறது என்று தூக்கிக்கொண்டு வருகிறவர்களிடம் நான் முதலில் காலுறையைக் கழற்றச் சொல்வது இதனால்தான். கழுத்தில் கயிறு, தொப்பியில் நாடா இருந்தால் உருவி எடுத்துவிடுங்கள். ஐரோப்பாவில் ஏழு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளின் துணியில் கழுத்து, தலைப் பகுதியில் நாடா இருக்கக் கூடாது என்பது தர விதி. அதையும் உங்கள் கணவரிடம் கேளுங்கள், பையர் எத்தனை தடவை சாம்பிளைத் திருப்பி அனுப்பினார் என்று ஒரு கதை வைத்திருப்பார்.

அமெரிக்கக் குளிருக்கு வாங்கிய தடித்த ரோம்பர்கள் மூட்டையில் இருந்தால், அவை நல்ல துணியாகவே இருந்தாலும் திருப்பூர் வெயிலுக்கு ஆகாது. குழந்தையின் முதுகில் கைவைத்துப் பார்த்து வேர்த்திருந்தால் ஒரு அடுக்கைக் குறையுங்கள். லங்கோடுக்கு மாமனாரின் பழைய வேட்டியைவிட நல்லது எந்தக் கடையிலும் கிடையாது.

மற்றபடி, உங்கள் கணவர் ஆசைப்படும் புதுத்துணி தானாக வந்து சேரும். பெயர் வைக்கும் அன்றைக்கு அத்தையும் தாய்மாமனும் சீரென்று கொண்டுவரும் சரிகை ஃபிராக், ஜிகினா வைத்த சட்டை எல்லாம் போட்டோ எடுக்கும் நேரத்துக்கு மட்டும். எடுத்து முடிந்ததும் பழைய ஜப்லாவுக்கு மாற்றிவிடுங்கள்.

சரி, கார் சீட். இது தூக்கிப்போட வேண்டிய சாமான். நாத்தனாருக்கு வருத்தமாக இருக்கும், ஆனாலும் சொல்லித்தான் ஆக வேண்டும். பெரும்பாலான கார் சீட்டுகளுக்குத் தயாரித்த நாளிலிருந்து ஆறு முதல் பத்து வருஷம் வரைதான் ஆயுள். சீட்டைக் கவிழ்த்துப் பாருங்கள், அமெரிக்க சீட் என்றால் அடியில் தேதி அச்சிட்டிருப்பார்கள். ஏழு வயதுப் பையனின் சீட் பெரும்பாலும் அந்தத் தேதியைத் தாண்டியிருக்கும், இல்லாவிட்டால் அதை நெருங்கிக்கொண்டிருக்கும். வெயிலில் நிறுத்திய காருக்குள் பிளாஸ்டிக் வெந்து வெந்து உடையும் பதத்துக்கு வந்திருக்கும். அப்புறம் அது விமானத்தில் சரக்காக வந்தது. எப்படித் தூக்கிப் போட்டார்கள் என்று யாருக்குத் தெரியும்? நடுத்தரமான விபத்தில் ஒருமுறை சிக்கிய சீட்டைக்கூட மறுபடி பயன்படுத்தக் கூடாது. ஹெல்மெட்டைப் போல, ஒரு அடியை வாங்கிக்கொள்வதற்காகவே செய்தது அது.

இதற்கு மட்டும் கணவர் பணம் செலவழிக்கட்டும். "நம் ஊரில் யார் கார் சீட் போடுகிறார்கள், மடியில் வைத்துக்கொண்டால் போதாதா?" என்று வீட்டில் கேட்பார்கள். கணக்குப் போட்டுக் காட்டுங்கள். 50 கிலோமீட்டர் வேகத்தில் போகும் கார் மோதி, பத்தில் ஒரு நொடியில் நின்றால், கையில் இருக்கும் 3 கிலோ குழந்தையை நிறுத்திப் பிடிக்க 40 கிலோ மூட்டையைத் தாங்கும் பலம் வேண்டும். அந்த நொடியில், எதிர்பாராமல். எந்தப் பாட்டியாலும் முடியாது. சட்டமும் இருக்கிறது: 2019-இல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டத்தின் 194-பி பிரிவுப்படி, 14 வயதுக்கு உட்பட்ட குழந்தையை பெல்ட்டோ குழந்தை இருக்கையோ இல்லாமல் காரில் கொண்டுபோனால் 1,000 ரூபாய் அபராதம். யாரும் பிடிப்பதில்லை என்பது வேறு விஷயம்.

வாங்கும்போது பிறந்த குழந்தைக்கானது, பின்பக்கம் பார்த்து உட்காரும் வகை என்று கேட்டு வாங்குங்கள். ஐரோப்பிய ஆர்-129 விதி குறைந்தது 15 மாதம் வரை பின்பக்கம் பார்த்தே உட்காரவைக்கச் சொல்கிறது. அதைவிட நீண்ட நாள் என்றால் இன்னும் நல்லது. பின்சீட்டில்தான் பொருத்த வேண்டும், முன்சீட்டில் ஏர்பேக் இருந்தால் அது குழந்தையின் தலையிலேயே அடிக்கும். உங்கள் காரில் குழந்தை சீட்டைப் பூட்டும் ஐசோஃபிக்ஸ் கொக்கி இருக்கிறதா என்று வாங்குவதற்கு முன்பே பார்த்துக்கொள்ளுங்கள். புதுசுக்கு வசதி இல்லை என்று வேறு யாராவது கேட்டால், கூடப் பிறந்தவர்களோ நெருங்கிய நண்பரோ தந்த, தேதி தாண்டாத, விபத்தைப் பார்க்காத, எல்லாப் பாகமும் கையேடும் இருக்கிற சீட்டைத் தாராளமாக வாங்கிக்கொள்ளச் சொல்வேன். முகம் தெரியாதவரிடம் ஆன்லைனில் வாங்குவதுதான் கூடாது. நாத்தனாருடைய சீட்டைப் பழைய இரும்புக் கடையில் போடும் முன் பெல்ட்டை வெட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் வேறு யாராவது எடுத்துப் பொருத்திவிடுவார்கள்.

"பிறக்கும் முன்னே வாங்கக் கூடாது" என்ற மாமியாரின் பேச்சு இங்கேதான் இடிக்கும், ஏனென்றால் மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பும்போதே சீட் வேண்டும். அவர் சொல்வதை மூடநம்பிக்கை என்று நான் தள்ளமாட்டேன். பிறந்த பல குழந்தைகள் நிலைக்காத காலத்தைப் பார்த்தவர்களிடமிருந்து வந்த பேச்சு அது. வாங்கிவைத்த துணியோடு வெறுங்கையாக நின்ற வீடுகள் இருந்திருக்கின்றன. கணவர் சீட்டை வாங்கி நண்பர் வீட்டிலோ ஆபீஸிலோ வைத்துக்கொள்ளட்டும். காரில் பொருத்தி, ஒரு பொம்மையை வைத்து பெல்ட் மாட்டிப் பழகவும் செய்யட்டும். வீட்டுக்குள் வரவில்லை அல்லவா, மாமியாருக்கும் ஆட்சேபம் இருக்காது.

சாய்வுப் படுக்கையும் வேண்டாம். நாத்தனார் வாங்கிய காலத்தில் அது அமெரிக்காவில் எல்லாக் கடையிலும் விற்றதுதான். சாய்வில் படுக்கும் சிறு குழந்தையின் தலை முன்னால் சரிந்து, தாடை நெஞ்சில் முட்டி, மூச்சுக்குழல் மடங்கிவிடும். உருண்டு திரும்பினால் முகம் பஞ்சில் புதையும். குழந்தைகள் இறந்த பிறகு 2019 ஏப்ரலில் ஒரே நிறுவனத்தின் சுமார் 47 லட்சம் படுக்கைகள் திரும்பப் பெறப்பட்டன. 2022-இல் பத்து டிகிரிக்கு மேல் சாய்ந்த படுக்கைகளையும், தொட்டிலைச் சுற்றிக் கட்டும் பஞ்சு மெத்தைகளையும் அங்கே சட்டம் போட்டே தடை செய்துவிட்டார்கள். அங்கே விற்க முடியாத சாமான் சூட்கேஸில் ஏறி இங்கே வந்து பரணில் உட்கார்ந்துகொள்கிறது. வெளிநாட்டுச் சாமான் என்பதால் இங்கே அதற்கு மரியாதை வேறு.

குழந்தை மல்லாந்து, சமமான, அழுந்தாத படுக்கையில் தூங்க வேண்டும். பாயில் நாலாக மடித்த பழைய காட்டன் புடவை போதும். கொசுவலை நல்லது, ஆனால் வலை மெத்தையோடு சேர்த்துத் தரும் குட்டித் தலையணையும் பக்கவாட்டு உருளைகளும் தேவையில்லை. மண்டை உருண்டையாக வரும் என்று விற்கும் கடுகுத் தலையணையும் வேண்டாம். மெத்தை வாங்குவதென்றால் அது மட்டும் புதுசு. வேறு வீட்டுக் குழந்தை படுத்த பழைய மெத்தைக்கும் தூக்கத்தில் நேரும் திடீர் சிசு மரணத்துக்கும் தொடர்பு தெரிவதாக ஸ்காட்லாந்தில் செய்த ஓர் ஆய்வு 2002-இல் வெளிவந்தது. மெத்தைதான் காரணம் என்று அது நிரூபிக்கவில்லை. ஆனாலும் அமுங்கிப் பள்ளம் விழுந்த மெத்தையில் குழந்தையின் முகம் புதையும் என்பதற்கு ஆய்வு எதற்கு?

அம்மா வீட்டு மரத்தொட்டிலை நான் ஆசையாகவே வரவேற்பேன், ஒரு நிபந்தனையோடு. அது வெறும் தேக்கா, பெயின்ட் அடித்ததா? வீட்டு பெயின்ட்டில் ஈயம் 90 பிபிஎம் தாண்டக் கூடாது என்ற விதி இந்தியாவில் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. நீங்கள் படுத்த தொட்டிலுக்கு அடித்த பெயின்ட்டில், முக்கியமாக மஞ்சள், சிவப்பு, பச்சையில், ஈயம் இருந்திருக்க வாய்ப்பு அதிகம். பல் முளைக்கும் ஆறாம் மாதத்தில் குழந்தை கம்பியைக் கடிக்கத்தான் செய்யும். நீங்களே உப்புத்தாள் போட்டுத் தேய்க்காதீர்கள், அந்தத் தூசியைக் கர்ப்பிணி சுவாசிப்பது இன்னும் மோசம். பெயின்ட் உரிந்திருந்தால் அதை அலங்காரத்துக்கு வைத்துவிடுங்கள். வெறும் மரம் என்றால் கம்பிகளுக்கு நடுவே இடைவெளி 6 சென்டிமீட்டருக்குள் இருக்கிறதா, ஆணியும் மூட்டுகளும் ஆடாமல் இருக்கின்றனவா என்று பார்த்துக்கொண்டு படுக்கவையுங்கள்.

தூளி கட்டாமல் இருக்கப்போவதில்லை, எனக்குத் தெரியும். பழைய காட்டன் புடவைதான் அதற்குச் சரி, நைந்து போகாததாக. புடவையின் பலத்தைக் கையால் இழுத்துப் பார்க்கலாம், ஸ்பிரிங்கின் பலத்தைப் பார்க்க முடியாது. பழைய ஸ்பிரிங், பழைய கொக்கி, பழைய கயிறு மூன்றையும் மாற்றிவிடுங்கள், சில நூறு ரூபாய்தான். தரையிலிருந்து ஓரடிக்கு மேல் தூக்கிக் கட்ட வேண்டாம். பகலில், பெரியவர் ஒருவர் கண்ணெதிரே இருக்கும்போது மட்டும் தூளி. உங்கள் நாத்தனார் மகன் வயதுப் பிள்ளைகள் காலித் தூளியில் ஏறிச் சுற்றி விளையாடுவார்கள், புடவை கழுத்தை இறுக்கிவிடும். இப்படி நேர்ந்த சாவுகள் நம் ஊர்ச் செய்தித்தாள்களில் அவ்வப்போது வந்துகொண்டே இருக்கின்றன. குழந்தையை எடுத்ததும் புடவையைத் தூக்கி மேலே முடிந்துவிடுங்கள்.

பால் சம்பந்தப்பட்டவற்றைச் சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். வீட்டில் ஒருவர் பயன்படுத்துவதற்கென்று செய்த மோட்டார் பம்புகளில் பலவற்றில் பால் குழாயிலிருந்து மோட்டாருக்குப் போகும் வழி திறந்தே இருக்கும். உள்ளே பூஞ்சை பிடித்தால் எந்தக் கொதிநீரும் எட்டாது. இரவல் வேண்டாம். மருத்துவமனைகளில் பலருக்கும் பொதுவாக வைத்திருக்கும் பம்ப் வேறு வகை, அதில் ஆளுக்கு ஒரு தனி செட் மாட்டுவார்கள். எப்படியும் முதல் வாரங்களில் உங்களுக்குப் பம்பே தேவைப்படாது. சீம்பாலைக் கையால் பீய்ச்சி எடுக்க நர்ஸ் சொல்லித்தருவார். ஏழு வருஷத்துப் பாட்டில்களும் நிப்பிள்களும் குப்பைக்கு. புதுப் பாட்டிலும் வாங்கச் சொல்லமாட்டேன். குழந்தைகளுக்கான பால் பவுடரையும் பாட்டிலையும் விளம்பரம் செய்யவே கூடாது என்று இந்தியாவில் 1992-இல் போட்ட சட்டம் இருப்பது சும்மா இல்லை. தாய்ப்பாலை எடுத்துக் கொடுக்க வேண்டி வந்தால் பாலாடை என்ற மூக்கு வைத்த சின்னக் கிண்ணம் போதும். வீட்டில் அம்மிச்சி காலத்து வெள்ளிச் சங்கு இருந்தால் பத்து நிமிஷம் கொதிக்கவைத்து எடுங்கள். பரம்பரையாக வரும் குழந்தைச் சாமானில் அதை மிஞ்ச எதுவும் இல்லை.

ஸ்டெரிலைசரை நம் வீட்டு பிளக்கில் சொருகிவிடாதீர்கள்! அது அமெரிக்காவின் 120 வோல்ட்டுக்குச் செய்தது, நம் வீட்டில் 230. புகை வரும். கொதிக்கவைக்க இட்லிக் குண்டா இருக்கிறது.

தள்ளுவண்டி தாராளமாக ஆகும். பிரேக், பெல்ட், மடக்கும் இடத்தில் விரல் சிக்குமா என்று பாருங்கள். முதுகைப் படுக்கவைக்க முடியாத வகை என்றால் குழந்தை உட்காரும்வரை காத்திருங்கள். குளிப்பாட்டும் தொட்டி, தூக்கிக் கட்டிக்கொள்ளும் பை, துணிப் புத்தகம் எல்லாம் வாங்கிக்கொள்ளலாம். பொம்மையில் பட்டன் பேட்டரி இருந்தால் அதன் மூடி ஸ்குரூவால் இறுகியிருக்க வேண்டும். தளர்ந்திருந்தால் பொம்மை வேண்டாம். குழந்தை அந்த பேட்டரியை விழுங்கினால் சில மணி நேரத்தில் உணவுக்குழாய் வெந்துவிடும்.

இனி மாடி வீட்டு வாக்கர். நன்றி சொல்லித் திருப்பிக் கொடுத்துவிடுங்கள், புதுசும் வாங்காதீர்கள். கனடாவில் 2004-இல் வாக்கரைத் தடை செய்தபோது கடையில் மட்டும் நிறுத்தவில்லை, வீட்டில் கிடக்கும் பழசை விற்பதும் அங்கே குற்றம். அமெரிக்காவில் 1990 முதல் 2014 வரை 15 மாதத்துக்கு உட்பட்ட 2,30,000-க்கும் மேற்பட்ட குழந்தைகள் வாக்கரால் அடிபட்டு அவசர சிகிச்சைக்கு வந்தார்கள், பெரும்பாலும் தலையில், படிக்கட்டில் உருண்டு. நம் வீட்டில் படிக்கட்டோடு நிலைப்படியும் இருக்கிறது, பாத்ரூம் வாளியும் இருக்கிறது, தரையில் இறக்கிவைத்த ரசப் பாத்திரமும் இருக்கிறது. நொடிக்கு ஒரு மீட்டர் போகும் குழந்தையை எந்தத் தாய் எட்டிப் பிடிப்பாள்? சீக்கிரம் நடக்கவைக்கும் என்பதும் பொய், தாமதம்தான் ஆகும். குழந்தை தானாக எழுந்து நிற்க ஆரம்பித்ததும் பின்னால் நின்று தள்ளும் மர நடைவண்டி கொடுங்கள். அது யார் வீட்டுப் பழசாக இருந்தாலும் சரி, சிலாம்பு குத்தாமல், சக்கரம் கழலாமல் இருந்தால் போதும்.

அடுத்த குழந்தைக்கு எடுத்துவைப்பதைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். துணிகளைத் துவைத்து, மொறமொறவென்று காயவைத்து, அளவு வாரியாகப் பிரித்து, மூடி இறுகும் டப்பாவில் காய்ந்த வேப்பிலையோ வசம்போ போட்டு வையுங்கள். அந்த வசம்பு டப்பாவோடு நிற்கட்டும், உரசிக் குழந்தையின் நாக்கில் தடவும் பழக்கம் வேண்டாம். இப்போது வாங்கப்போகும் கார் சீட்டின் கையேட்டை உறைக்குள்ளேயே சொருகி, தயாரித்த தேதியைப் பெரிதாக மார்க்கரில் அடிப்பக்கம் எழுதிவிடுங்கள். ஏதாவது விபத்து நடந்தால் அதையும் அங்கேயே எழுதுங்கள். நாலு வருஷம் கழித்து அதை யாருக்காவது தரும்போது அவர் உங்களிடம் ஒன்றும் கேட்க வேண்டியிருக்காது.